டைனமோ விளக்கு செய்வோம்

இரவில் சைக்கிள் ஓட்டுபவருக்குத் தேவைகள் இரண்டு. சாலை அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவர் மற்றவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். விடியுமுன் பேப்பர் கட்டு எடுக்கப் போகிறவர், பால் கேனோடு சொசைட்டிக்குப் போகிறவர், ராத்திரி ஷிப்ட் முடித்து மில்லிலிருந்து திரும்புகிறவர் என இருட்டில் சைக்கிள் மிதிக்கிறவர்கள் நம் ஊர்களில் இன்னும் நிறையப் பேர். வண்ணம் பூசாத வேகத்தடை, நடுச்சாலையில் படுத்திருக்கும் மாடு, தார்ச்சாலையில் காயப் போட்ட நெல்லைச் சுற்றி வைத்த கற்கள் ஆகியவற்றை நிலா வெளிச்சத்தை நம்பிக் கடக்க முடியாது. பின்னால் வரும் லாரி டிரைவருக்கோ, சிவப்பு விளக்கு இல்லாத சைக்கிள் கடைசி நொடியில்தான் தெரியும்.

சார்ஜ் போடும் விளக்குகள் கடைகளில் மலிவாகவே கிடைக்கின்றன. சார்ஜ் போட மறந்த நாளில் அவை உதவாது. ஓரிரு ஆண்டில் பேட்டரியும் தேய்ந்துவிடும். டைனமோவுக்கு அந்தக் கவலை இல்லை. சக்கரம் உருளும்வரை விளக்கு எரியும். பழைய டைனமோவோடு இன்றைய எல்.இ.டி.யைச் சேர்த்தால், சாலைக்குப் போதிய வெளிச்சமும் பல ஆண்டு உழைப்பும் கிடைக்கும். ஈயம் வைத்துப் பழகியவர் ஒரு விடுமுறை நாளில் செய்து முடிக்கலாம்.

டைனமோ தருவது என்ன?

டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழலும் சீசா வடிவ டைனமோவைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம். அதற்குள் ஒரு நிலைக்காந்தம், அதைச் சுற்றி ஒரு செம்புக் கம்பிச் சுருள். காந்தம் சுழலும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. கிடைப்பது ஏ.சி. மின்சாரம். தலையிலுள்ள உருளை 22 மில்லிமீட்டர் விட்டமுள்ளது என்றால், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 60 முறை சுற்றும். காந்தத்தில் எட்டுத் துருவங்கள் இருந்தால் ஒரு சுற்றுக்கு நான்கு அலைகள்; ஆக, அதிர்வெண் சுமார் 240 ஹெர்ட்ஸ்.

டைனமோவின் மேல் 6 வோல்ட், 3 வாட் என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து, எந்த வேகத்திலும் 6 வோல்ட்தான் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. வேகம் கூடினால் சுருளில் பிறக்கும் மின்னழுத்தமும் கூடும். அதே நேரத்தில் அதிர்வெண்ணும் கூடுகிறது. அதிர்வெண் ஏற ஏற, ஏ.சி. மின்சாரத்தைச் சுருள் அதிகமாக எதிர்க்கும். அழுத்தம் எவ்வளவு தள்ளுகிறதோ அந்த அளவுக்குச் சுருளும் தடுப்பதால், மின்னோட்டம் அரை ஆம்பியரை ஒட்டியே நின்றுவிடுகிறது. மிதமான வேகத்துக்கு மேல் டைனமோ தருவது ஏறக்குறைய மாறாத மின்னோட்டம். இதை மனதில் இருத்திக்கொண்டால் இனி வரும் இணைப்புகள் எல்லாம் தெளிவாக விளங்கும்.

பழைய விளக்குகளில் பல்பு அடிக்கடி பியூஸ் ஆனதற்கும் இதுவே காரணம். முன்பல்பு 2.4 வாட், பின்பல்பு 0.6 வாட், அரை ஆம்பியரை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று பியூஸ் ஆனால் முழு ஓட்டமும் மற்றொன்றில் பாயும். சிறிது நேரத்தில் அதுவும் போய்விடும். எல்.இ.டி. அப்படியல்ல. அளவான, நிலையான மின்னோட்டம் கிடைத்தால் அது நன்றாக எரியும். பேட்டரியில் எரியும் எல்.இ.டி.க்கு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தத் தனியாக டிரைவர் வேண்டும். இங்கே அந்த வேலையை டைனமோவின் சுருளே செய்துவிடுகிறது. 700 மில்லிஆம்பியர் தாங்கும் எல்.இ.டி.யில் 500 மில்லிஆம்பியர் ஓடினால் அது நிதானமாக, நீண்ட நாள் உழைக்கும்.

வெளிச்சத்திலும் வித்தியாசம் பெரிது. சாதாரண இழை பல்பு ஒரு வாட்டுக்குச் சுமார் 10 லூமன் தரும். தரமான வெள்ளை எல்.இ.டி. 100 லூமன் தரும். அதே டைனமோ, அதே மிதி, வெளிச்சம் மட்டும் பல மடங்கு.

வாங்க வேண்டியவை

- 6 வோல்ட், 3 வாட் டைனமோ (பழையதானாலும் சரி), உருளைக்கு ரப்பர் தொப்பி
- 3 வாட் வெள்ளை எல்.இ.டி., நட்சத்திர வடிவ அலுமினியத் தட்டில் பொருத்தியது: 2
- அவற்றுக்குப் பொருந்தும் லென்ஸ்: குறுகிய கற்றைக்கு ஒன்று (10 முதல் 15 டிகிரி), அகன்ற கற்றைக்கு ஒன்று (30 முதல் 45 டிகிரி)
- 1என்5819 ஷாட்கி டையோடு: 5
- 10 வோல்ட், 5 வாட் ஜீனர் டையோடு: 1
- 2200 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர்: 1
- 1 ஃபாரட், 5.5 வோல்ட் சூப்பர் கெப்பாசிட்டர்: 1
- 5 மில்லிமீட்டர் சிவப்பு எல்.இ.டி., பிரகாசமான வகை: 2
- ரெசிஸ்டர்: 68 ஓம், 100 ஓம் (கால் வாட்), 22 ஓம் (அரை வாட்), சோதனைக்கு 12 ஓம் (5 வாட்)
- டாட் போர்டு, இரட்டை வயர், ஸ்லீவ், சிலிக்கான் பசை, வெப்பப் பசை, வெப்பக் களிம்பு
- 3 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் துண்டு

சென்னையில் ரிச்சி தெருவில் மின்னணுச் சாமான்கள் எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். மற்ற ஊர்களில் டி.வி., ரேடியோ பழுதுபார்க்கும் கடைக்காரரிடம் கேட்டால் எங்கே வாங்கலாம் என்று சொல்வார். அலுமினியத் துண்டுக்கு ஜன்னல் ஃபிரேம் செய்யும் பட்டறையின் கழிவுக் குவியலே போதும். நன்றாக இருக்கும் பழைய டைனமோ பல சைக்கிள் கடைகளின் பரணில் கிடக்கும்.

முதலில் டைனமோவைச் சோதியுங்கள்

டைனமோவைப் பின்சக்கரத்தில் தற்காலிகமாகப் பொருத்தி, ஸ்டாண்டு போட்டு, பெடலைக் கையால் சுற்றுங்கள். 28 அங்குலச் சக்கரம் நொடிக்கு இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழன்றால் அது மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம். சாதாரண சைக்கிளில் பெடலை நிமிடத்துக்கு 45 முதல் 50 முறை சுற்றினால் அந்த வேகம் வரும்.

டைனமோவின் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே 12 ஓம் ரெசிஸ்டரை இணைத்து, அதன் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 6 வோல்ட்டை ஒட்டி வந்தால் டைனமோ நன்றாக இருக்கிறது. இன்னும் வேகமாகச் சுற்றினால் அளவு கொஞ்சம் ஏறி அங்கேயே நிற்கும். ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுச் சுற்றினாலோ வோல்ட் ஏறிக்கொண்டே போகும். ஓட்டத்துக்குத்தான் எல்லை உண்டு, அழுத்தத்துக்கு இல்லை என்பது இதில் நேரடியாகத் தெரியும். 4 வோல்ட்டைக்கூட எட்டவில்லை என்றால், உருளை வழுக்குகிறதா என்று பாருங்கள். வழுக்கவில்லை என்றால் காந்தம் பலம் குறைந்திருக்கும். அந்த டைனமோவில் நேரம் செலவிட வேண்டாம்.

ஏ.சி.யை டி.சி. ஆக்கும் பாலம்

டையோடின் ஒரு முனையில் வெள்ளிக் கோடு இருக்கும். இரண்டு டையோடுகளின் கோடுள்ள முனைகளைச் சேர்த்து ஈயம் வையுங்கள், இது பிளஸ். மற்ற இரண்டு டையோடுகளின் கோடில்லாத முனைகளைச் சேருங்கள், இது மைனஸ். மிச்சமிருக்கும் நான்கு முனைகளில், பிளஸ் ஜோடியின் ஒரு முனையோடு மைனஸ் ஜோடியின் ஒரு முனை என்று சேர்த்தால் இரண்டு சந்திப்புகள் கிடைக்கும். டைனமோவின் இரண்டு வயர்களும் இங்கே வந்து சேரும். எந்த வயர் எதில் என்ற வேறுபாடு கிடையாது.

எல்லாக் கடையிலும் கிடைக்கும் 1என்4007 டையோடும் வேலை செய்யும். ஆனால் அது ஒவ்வொன்றும் 0.8 வோல்ட் அளவுக்கு விழுங்கும். ஷாட்கி டையோடு அதில் பாதிதான் விழுங்கும். ஒரே நேரத்தில் இரண்டு டையோடுகள் வழியாக மின்சாரம் போவதால், ஷாட்கி போட்டால் ஒரு வோல்ட் அளவு மிச்சம். மெதுவாகப் போகும்போது விளக்கு சீக்கிரம் எரியத் தொடங்குவதில் இந்தப் பலன் தெரியும்.

பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் குறுக்கே 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை இணையுங்கள். மெதுவாகப் போகும்போது வெளிச்சம் துடிக்காமல் இருக்க இது வேண்டும். உடலில் மைனஸ் குறி போட்ட பக்கம் மைனஸுக்குப் போக வேண்டும். மாற்றி வைத்தால் வெடிக்கும். அதே இடத்தில் ஜீனரையும் இணையுங்கள். அதன் கோடுள்ள முனை பிளஸுக்கு. ஓடும்போது எல்.இ.டி. வயர் அறுந்தால் அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும் என்று சோதனையில் பார்த்தோம். அப்போது ஜீனர் அதை 10 வோல்ட்டில் பிடித்து நிறுத்தி, 40 வோல்ட் மட்டுமே தாங்கும் ஷாட்கி டையோடுகளைக் காப்பாற்றும். ஆனால் ஜீனர் கடுமையாகச் சுடும். அதனால் விளக்கு அணைந்தால் டைனமோவை உடனே டயரிலிருந்து விலக்கிவிடுங்கள்.

முன்விளக்கு

இரண்டு வெள்ளை எல்.இ.டி.களையும் வரிசையாக இணைக்க வேண்டும். பாலத்தின் பிளஸ், முதல் எல்.இ.டி.யின் பிளஸுக்கு. அதன் மைனஸ், இரண்டாம் எல்.இ.டி.யின் பிளஸுக்கு. அதன் மைனஸ், பாலத்தின் மைனஸுக்கு. ஒவ்வொன்றும் சுமார் 3.2 வோல்ட் எடுக்கும்; இரண்டும் சேர்ந்து 6.4 வோல்ட், அரை ஆம்பியரில் 3.2 வாட். டைனமோவின் அளவுக்கு இது சரியாகப் பொருந்துகிறது. எல்.இ.டி. ஒன்றே போட்டால் இன்னும் மெதுவான வேகத்திலேயே எரியும், ஆனால் வெளிச்சம் பாதி. மூன்று போட்டால் வேகத்தில் வெளிச்சம் கூடும், ஆனால் மெதுவாகப் போகும்போது எரியாது. குழியும் வேகத்தடையும் உள்ள சாலைகளில் நாம் மெதுவாகப் போகும்போதுதான் வெளிச்சம் அதிகம் தேவை. அதனால் இரண்டே சரி.

எல்.இ.டி.க்குப் பகை சூடு. உள்ளங்கையில் பாதி அளவுள்ள அலுமினியத் துண்டில் வெப்பக் களிம்பு தடவி, இரண்டு நட்சத்திரத் தட்டுகளையும் திருகால் இறுக்குங்கள். இறுக்கிய பிறகு, அலுமினியத்துக்கும் ஈயம் வைத்த புள்ளிகளுக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதை மல்டிமீட்டரில் உறுதிசெய்யுங்கள். அலுமினியத்தின் பின்பக்கம் காற்று படும்படி இருக்கட்டும். பழைய ஹெட்லைட் கிண்ணத்துக்குள் அடக்குவதானால், துண்டின் ஓரம் கிண்ணத்தின் உலோகத்தில் நன்றாகப் படிய வேண்டும். பத்து நிமிடம் எரிந்த பிறகு தொட்டுப் பாருங்கள். கை பொறுக்கும் சூடு என்றால் சரி. கையை வெடுக்கென்று எடுக்க வைத்தால் இன்னும் பெரிய துண்டு வேண்டும்.

குறுகிய லென்ஸ் தூரத்துக்கு, அகன்ற லென்ஸ் சக்கரத்தின் முன்னும் சாலை ஓரத்துக்கும். மழை நீர் இறங்காமல் விளிம்பு முழுவதும் சிலிக்கான் பசை இடுங்கள். கீழ்ப்பக்கம் மட்டும் ஊசித் துளை ஒன்று விட்டால் உள்ளே படியும் ஈரம் வெளியேறும்.

பின்விளக்கு: நின்றாலும் எரிய வேண்டும்

டைனமோ விளக்கின் பெரிய குறை, சைக்கிள் நின்றால் விளக்கும் நின்றுவிடுவது. சிக்னலிலும் சாலையைக் கடக்கக் காத்திருக்கும்போதும்தான் பின்னாலிருந்து இடிபடும் அபாயம் அதிகம். அதனால் சூப்பர் கெப்பாசிட்டரை விட்டுவிடாதீர்கள்.

பின்விளக்குக்கான மின்சாரத்தை இரண்டு வெள்ளை எல்.இ.டி.களும் சந்திக்கும் புள்ளியிலிருந்து எடுக்கிறோம். மைனஸிலிருந்து பார்த்தால் அங்கே 3.2 வோல்ட் இருக்கும். அந்தப் புள்ளியிலிருந்து ஒரு வயர், மைனஸிலிருந்து ஒரு வயர், இரண்டும் பின்மட்கார்டுக்குப் போகட்டும். அங்கே இரண்டு கிளைகள்:

முதல் கிளையில் 68 ஓம் ரெசிஸ்டரும் ஒரு சிவப்பு எல்.இ.டி.யும். ஓடத் தொடங்கியதும் இது எரியும். சுமார் 20 மில்லிஆம்பியர் எடுக்கும்.

இரண்டாம் கிளையில், ஐந்தாவது ஷாட்கி டையோடு வழியாக, 22 ஓம் ரெசிஸ்டரைக் கடந்து, சூப்பர் கெப்பாசிட்டர். டையோடின் கோடு கெப்பாசிட்டரை நோக்கி இருக்க வேண்டும். கெப்பாசிட்டரின் பிளஸிலிருந்து 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக இரண்டாவது சிவப்பு எல்.இ.டி. அதன் மறுமுனை மைனஸுக்கு. கெப்பாசிட்டர் நிரம்ப ஓரிரு நிமிடம் ஆகும். அதுவரை முதல் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். நிரம்பிய பிறகு இரண்டும் எரியும். சைக்கிள் நின்றதும் முதலாவது அணைந்துவிடும். இரண்டாவது மெல்ல மங்கியபடி இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் எரியும். பெரும்பாலான சிக்னல்களுக்கு அது போதும். தேக்கிய மின்சாரம் முன்பக்கம் திரும்பிப் போகாமல் தடுப்பது அந்த ஐந்தாவது டையோடு.

ஒரு எச்சரிக்கை: இரண்டாம் வெள்ளை எல்.இ.டி.யின் இணைப்பு விட்டுப்போனால், அதன் ஓட்டம் பின்விளக்குக்குத் திரும்பிச் சிவப்பு எல்.இ.டி.யைக் கருக்கிவிடும். அந்த இணைப்பில் ஈயத்தை வலுவாக வைத்து, வயரை வெப்பப் பசையால் அசையாமல் பிடித்துவிடுங்கள்.

வயர்: இங்கேதான் பலர் தவறுகிறார்கள்

டைனமோவில் ஒரு முனைதான் தெரியும். மற்றொரு முனை அதன் உடல். பழைய முறையில் டைனமோவிலிருந்து விளக்குக்கு ஒரு வயர் மட்டும் போகும். திரும்பும் பாதை சைக்கிளின் ஃபிரேமே. டைனமோ பிடியில் உள்ள கூரான திருகு பெயிண்டைக் குத்தி ஃபிரேமைத் தொடுவது அதற்காகத்தான்.

நம் விளக்கில் பாலம் வந்துவிட்டதால் இந்த முறை உதவாது. பாலத்தின் ஒரு பக்கம் டைனமோ உடல் வழியாக ஃபிரேமைத் தொட்டிருக்கிறது. பாலத்தின் பிளஸோ மைனஸோ தவறிப்போய் ஃபிரேமைத் தொட்டால், டையோடு ஒன்று குறுக்கே சேர்ந்துகொண்டு அலையின் பாதி வீணாகும். விளக்கு மங்கித் துடிக்கும். எனவே டைனமோவிலிருந்து பாலத்துக்கு இரட்டை வயர், பாலத்திலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் இரட்டை வயர். பழைய கிண்ணத்தைப் பயன்படுத்தினால் அதிலுள்ள உலோகத் தொடர்பை வெட்டிவிடுங்கள். எல்லா ஈய இணைப்புக்கும் ஸ்லீவ் போடுங்கள். ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் வயருக்குத் தாராளமாகத் தளர்வு கொடுங்கள்.

டைனமோவைப் பொருத்துதல்

டைனமோ அச்சை ஒரு கோடாக நீட்டினால் அது சக்கரத்தின் நடு அச்சைத் தொட வேண்டும். சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். கோணம் விலகினால் உருளை டயரை அறுக்கும், கூச்சல் போடும், மிதியும் கனக்கும். உருளை டயரின் பக்கவாட்டில், பல டயர்களில் அதற்கென்றே உள்ள வரிக்கோடுகளின் மேல் படிய வேண்டும். ரிம்மைத் தொடக் கூடாது.

முன் ஃபோர்க்கை விடப் பின்பக்கத் தாங்குகம்பியே பாதுகாப்பானது. பிடித் திருகு தளர்ந்து டைனமோ போக்ஸ் கம்பிக்குள் போனால், முன்சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கி எறிந்துவிடும். எங்கே பொருத்தினாலும் ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்கி, வாரம் ஒருமுறை திருகைத் தொட்டுப் பாருங்கள். மழையில் வழுக்காமல் இருக்க ரப்பர் தொப்பி நன்றாக உதவும்.

மூன்று வாட் மின்சாரத்துக்குக் கால்கள் ஏழு முதல் பத்து வாட் வரை உழைக்க வேண்டியிருக்கும். சமவெளியில் நிதானமாக மிதிப்பவர் செலவிடும் சக்தியில் இது சிறு பங்குதான். அதைவிடக் கனமாகத் தெரிந்தால் கோணமோ அழுத்தமோ தவறு.

வெளிச்சத்தைக் குறி வைத்தல்

விளக்கு எதிரே வருகிறவர் கண்ணைக் கூசச் செய்தால், நமக்கே அது ஆபத்து. சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளிச் சைக்கிளை நிறுத்தி, உதவிக்கு ஒருவரைப் பெடல் சுற்றச் சொல்லுங்கள். தரையிலிருந்து விளக்கு இருக்கும் உயரத்தில் பாதி உயரத்தில் கற்றையின் நடு விழ வேண்டும். அப்படி வைத்தால் கற்றை சுமார் 10 மீட்டர் தூரத்தில் சாலையைத் தொடும். திருகை இறுக்கி, அந்த இடத்தில் ஃபிரேமில் ஒரு கோடு கீறிவிடுங்கள்.

பழுது வந்தால்

- எதுவுமே எரியவில்லை: டைனமோ முனையில் வயர் கழன்றிருக்கும். அடுத்து உருளை வழுக்குகிறதா என்று பாருங்கள்.
- மங்கித் துடிக்கிறது: டையோடு ஒன்று போயிருக்கலாம், அல்லது டி.சி. வயர் ஃபிரேமைத் தொடுகிறது.
- இரண்டாம் வெள்ளை எல்.இ.டி. மட்டும் அணைந்து, பின்விளக்கும் இல்லை: பின்னால் போகும் இரட்டை வயர் எங்கோ ஒன்றையொன்று தொடுகிறது. முதல் எல்.இ.டி. எரியும் என்பதால் வீடு வந்து சேரலாம்.
- ஓடும்போது சரி, நின்றால் பின்விளக்கு இல்லை: சூப்பர் கெப்பாசிட்டர் அல்லது ஐந்தாவது டையோடு.

விளக்கு முடிந்தாலும் வேலை முடியவில்லை. பின்மட்கார்டின் அடியில் வெள்ளைப் பெயிண்ட் பட்டை அடிப்பது பழைய வழக்கம். அதன் மேல் சிவப்பு ஒளிர்பட்டையும், பெடல்களில் மஞ்சள் ஒளிர்பட்டையும் ஒட்டுங்கள். மின்சாரமே இல்லாவிட்டாலும் வாகன வெளிச்சத்தில் அவை மின்னும். பிறகு தெருவிளக்கு இல்லாத ஒரு சாலையில் வேறொருவரை ஓட்டச் சொல்லி, ஐம்பது மீட்டர் பின்னால் நின்று பாருங்கள். ஓடும்போதும் நிற்கும்போதும் சிவப்பு தெளிவாகத் தெரிந்தால், அந்தச் சைக்கிளை அன்றிரவே வேலைக்கு எடுத்துப் போகலாம். தெரியாவிட்டால், சரியாகும்வரை பகலில் மட்டும் ஓட்டுங்கள்.